பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதி வைக்க: செட்டில்மென்ட்டா, உயிலா, பாகப்பிரிவினையா?

காவேரிப்பட்டணம் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு, ஒரு கிணறு, ஓட்டு வீடு. மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மகளை அரூரில் கட்டிக் கொடுத்தாச்சு. அப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா, உயில் எழுதினால் போதாதா?

பத்திர எழுத்தரைக் கேட்டால், "தான செட்டில்மென்ட் போட்டுடுங்க, செலவு கம்மி" என்பார் (பணம் வாங்காமல், உயிரோடு இருக்கும்போதே உறவுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது). பக்கத்துத் தோட்டக்காரரோ, "எழுதிக் கொடுத்துட்டு அவங்க கையை எதிர்பார்த்து நிக்காதே" என்பார். ஒருவர் செலவை மட்டும் பார்க்கிறார், மற்றவர் பயத்தை மட்டும் பார்க்கிறார். நடுவில் கவனிக்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன. இந்து குடும்பங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். முஸ்லிம் குடும்பங்களில் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது என்பது போன்ற வேறு விதிகள் உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அப்பா கையில் இருக்கும் பத்திரம். நிலம் அவருக்கு எப்படி வந்தது? அவரே கிரயம் பெற்றிருந்தால் சுய சம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம். தாத்தா காலத்துச் சொத்தை அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்து வாங்கியதாக இருந்தால் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு இருக்கலாம். மகள்களுக்கும் அந்தப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லும், நாடு முழுக்க 2005லும் வந்த திருத்தங்கள் அதை உறுதி செய்துவிட்டன. அப்படிப்பட்ட நிலத்தில் தன் பங்குக்கு மட்டுமே அப்பா உயிலோ செட்டில்மென்ட்டோ எழுத முடியும். இதைப் பார்க்காமல் எழுதிய பத்திரங்கள்தான் பிறகு சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் கிடக்கின்றன. சந்தேகம் இருந்தால் தாய்ப்பத்திரத்தோடு ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். அந்த ஃபீஸை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டியவை:

- இன்றைக்கு ஆகும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும்
- உரிமை எப்போது கை மாறுகிறது, அதுவரை நிலம் யார் பிடியில் இருக்கிறது
- மனம் மாறினால் திரும்பப் பெற வழி உண்டா
- கையெழுத்துப் போடாத வாரிசு வழக்குப் போட எவ்வளவு இடம் இருக்கிறது
- பட்டா, பேங்க் கடன், அரசு உதவி இவற்றில் என்ன மாறும்

பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என் கணக்கில் அதற்குத்தான் கடைசி இடம். காரணம், குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

| | தான செட்டில்மென்ட் | உயில் | பாகப்பிரிவினை | விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக் கொடுப்பது) |
|---|---|---|---|---|
| முத்திரைத் தீர்வை | 1%, அதிகபட்சம் ரூ.40,000 | இல்லை | 1%, பங்குக்கு அதிகபட்சம் ரூ.40,000 | 1%, அதிகபட்சம் ரூ.40,000 |
| பதிவுக் கட்டணம் | 1%, அதிகபட்சம் ரூ.10,000 | சிறு தொகை | 1%, பங்குக்கு அதிகபட்சம் ரூ.10,000 | 1%, அதிகபட்சம் ரூ.10,000 |
| பதிவு கட்டாயமா | ஆம் | இல்லை | ஆம் | ஆம் |
| உரிமை மாறுவது | உடனே | எழுதியவர் காலத்துக்குப் பின் | உடனே | உடனே |
| மாற்ற முடியுமா | பெரும்பாலும் முடியாது | எத்தனை முறை வேண்டுமானாலும் | எல்லாரும் சேர்ந்தால் மட்டும் | பெரும்பாலும் முடியாது |
| யார் கையெழுத்து | கொடுப்பவர், வாங்குபவர் | எழுதுபவர் | பங்குதாரர் எல்லாரும் | விட்டுக் கொடுப்பவர், பெறுபவர் |

இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலை 10 முதல் நடைமுறையில் இருப்பவை. அதற்கு முன் தீர்வைக்கு 25,000, பதிவுக்கு 4,000 என்று இருந்தது. இவற்றோடு கம்ப்யூட்டர் கட்டணம், எழுத்தர் கூலி என்று சில்லறைச் செலவுகள் சேரும்.

## தான செட்டில்மென்ட்

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நிலத்தின் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) 8 லட்சம் என்றால் தீர்வை 8,000, பதிவுக் கட்டணம் 8,000, ஆக 16,000. மதிப்பு 30 லட்சம் என்றால் 30,000 தீர்வை, பதிவுக்கு வரம்பான 10,000, மொத்தம் 40,000. ஓசூர் மாநகராட்சிக்குள் ஒரு கோடி மதிப்புள்ள மனையாக இருந்தாலும் 50,000த்தோடு நின்றுவிடும். இதே மனையை மகனுக்குக் கிரயமாக எழுதினால் 7% தீர்வை, 2% பதிவுக் கட்டணம் என்று 9 லட்சம் ஆகும். ஓசூர் பக்கம் செட்டில்மென்ட் இவ்வளவு சகஜமானதற்கு இதுவே காரணம்.

சலுகை கிடைப்பது மனைவி, கணவன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர் போன்ற நெருங்கிய உறவுக்குத்தான். "மகன் பெயரில் வேண்டாம், கடன் வாங்கிவிடுவான், மருமகள் பெயரில் போடு" என்று நினைப்பவர்கள் உண்டு. மருமகளும் மருமகனும் அந்தப் பட்டியலில் இல்லை. வாங்குபவர் இடத்தில் அந்தப் பெயரைப் போட்டதுமே செலவு பல மடங்காகிவிடும்.

செலவு இவ்வளவுதான். பதிவு முடிந்த நிமிடத்தில் நிலம் உங்களுடையது இல்லை என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய இடம். "சரியாகப் பார்த்துக் கொள்ளவில்லை" என்று ரத்துப் பத்திரம் ஒன்றை நீங்களாகப் பதிய முடியாது. ஒருதலையான ரத்துப் பத்திரம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ன் 23வது பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை அதை நிறைவேற்றாவிட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கச் சொல்லி மனுப் போடலாம். மனு வருவாய் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்துக்குப் போகும். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பதில்தான் பல மனுக்கள் தோற்கின்றன. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் ஒரு வழக்கில் கறாராகச் சொன்னது. 2025ல் வந்த தீர்ப்புகள் பெற்றோர் பக்கம் சற்று இளகி நிற்கின்றன. தீர்ப்புகள் எப்படிப் போனாலும் உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கட்டும். எழுத்தர்கள் வழக்கமாக "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். "சாப்பாடு, மருத்துவம், இருப்பிடம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தச் செட்டில்மென்ட் ரத்தாகத் தக்கது" என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். வரைவு உங்கள் கைக்கு வரும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். டோக்கன் போட்டு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.

ஆயுட்கால அனுபவ உரிமையை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு எழுதுவது இன்னொரு பாதுகாப்பு. நிலத்தின் உரிமை மகனுக்கு. மாங்காய் மகசூல், குடியிருப்பு எல்லாம் உங்கள் காலம் வரை உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும். மனைவி பெயரைச் சேர்க்க மறந்துவிட வேண்டாம். அவர் பெயர் இல்லாவிட்டால் கணவன் போன பிறகு அம்மாவுக்கு அந்த வீட்டில் சட்டப்படி பிடி எதுவும் இருக்காது. இப்படி எழுதிய நிலத்தை வைத்துப் பேங்கில் கடன் வாங்குவது மகனுக்குக் கஷ்டம். அது குறையா, அதுவும் ஒரு பாதுகாப்பா என்பது உங்கள் மகனைப் பொறுத்தது!

கண்ணுக்குத் தெரியாமல் போகும் இன்னொன்று, பி.எம். கிசான் பணம். வருடம் 6,000 ரூபாய் வரும் அந்தத் திட்டம் 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதைப் பார்க்கிறது. இறப்பினால் வாரிசாக வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. பத்திரம் எழுதி மாறிய நிலத்துக்கு அந்த விலக்கு இல்லை. முழு நிலத்தையும் எழுதிக் கொடுத்த அப்பாவுக்கும் நின்றுபோகும், மகனுக்கும் வராது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த மூன்று தவணையை எதிர்பார்த்து உரம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

## உயில்

கையில் பணம் இல்லாதவருக்கும், பிள்ளைகள் மேல் முழு நம்பிக்கை வராதவருக்கும் இதுதான். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கண்டிப்பாக வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப் போகும் பிள்ளையையோ அவருடைய கணவன், மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். உங்களை விட வயதில் இளையவர்களாக, தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகப் பாருங்கள். இருபது வருடம் கழித்து கோர்ட்டில் நின்று "ஆமாம், நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டியவர் அவர். எழுபது வயதுக்காரருக்கு எழுபத்தைந்து வயது நண்பர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உயில்களைக் கண்டால் எனக்கு ஆயாசமாக இருக்கும்.

பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். போலி என்ற வாதத்தை அது பாதி உடைக்கும். உடம்பு முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதியும் உண்டு.

உயில் தனிப் புத்தகத்தில் பதிவாகிறது. வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் நகல் வாங்கவும் முடியாது. யாருக்கு என்ன எழுதினீர்கள் என்று மருமகன் வந்து சண்டை போட வழியில்லை, அது நல்லது. அதே காரணத்தால் உயில் ஒன்று இருப்பதே தெரியாமல் பிள்ளைகள் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்றிக் கொள்வதும் நடக்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் பதிவு எண்ணையாவது சொல்லி வையுங்கள்.

செலவு இன்றைக்கு இல்லையே தவிர, பின்னால் வரும். நம் மாவட்டத்து நிலத்துக்கு இங்கே எழுதிய உயிலுக்குப் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) கட்டாயம் இல்லை. இருந்தாலும் மற்ற வாரிசுகள் ஆட்சேபம் சொன்னால் தாசில்தார் பட்டா மாற்ற மாட்டார். கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். அங்கே ஆகும் செலவு செட்டில்மென்ட்டின் 50,000 வரம்பைச் சாதாரணமாகத் தாண்டும். யாருக்கு ஏன் குறைவாகக் கொடுக்கிறேன் என்று உயிலிலேயே ஒரு வரி இருந்தால் ("மகளுக்குக் கல்யாணத்தின்போது நகையும் மனையும் கொடுத்துவிட்டேன்" என்பது போல) வழக்கில் அது உதவும்.

## பாகப்பிரிவினை

பூர்வீகச் சொத்தாக இருந்தாலோ, அப்பா உயில் எழுதாமல் போய்விட்டாலோ இதுதான் நேர்வழி. இங்கே குடும்பம் மொத்தமும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் நிற்க வேண்டும். ஒரு மகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் பத்திரமே கிடையாது.

உயில் எழுதாமல் இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்பதில் ஒரு பெயர் அடிக்கடி விட்டுப்போகும்: இறந்தவரின் அம்மா. அப்பா போய் பாட்டி உயிரோடு இருந்தால், மனைவி, மகன், மகளுக்கு நிகரான பங்கு பாட்டிக்கும் உண்டு. பாட்டி கையெழுத்து இல்லாத பாகப்பிரிவினையில் பின்னால் அத்தைகளும் சித்தப்பாக்களும் வந்து கேட்க முடியும். மைனர் பிள்ளை பங்குதாரராக இருந்தால் வக்கீலைக் கேட்காமல் அடி எடுத்து வைக்காதீர்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர் பவர் பத்திரம் கொடுத்தால் போதும்.

பத்திரம் எழுதும்போது நம்மூர் நிலத்துக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. ஏக்கர் கணக்கைச் சரியாகப் பிரித்துவிட்டு இவற்றை விட்டுவிடுவதால்தான் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நிற்கிறது:

- கிணறும் போர்வெல்லும் யார் பங்கில்? மற்றவருக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை எத்தனை மணி நேரம் தண்ணீர்? மோட்டார் ரிப்பேர் செலவு யாருக்கு?
- இலவச விவசாய மின் இணைப்பு எண்ணைப் பத்திரத்தில் குறிப்பிட்டு, அது யாருக்குச் சேரும் என்று எழுத வேண்டும்.
- பின்பக்கப் பங்குக்கு வண்டிப் பாதை எத்தனை அடி அகலம், எந்த ஓரமாக? மினி லாரி வந்து மாங்காய் ஏற்ற முடியாத நிலத்தை வாங்கவும் ஆள் வராது.
- வரப்போரப் புளிய மரங்கள். நிலம் ஒருவருக்கு, மரத்துக் காய் பாதிப் பாதி என்ற வாய்ப்பேச்சு ஒரு தலைமுறைகூடத் தாங்காது. மரங்களை எண்ணி எழுதிவிடுங்கள்.

தீர்வை, கட்டணம் பங்குக்குப் பங்கு வரும். ஆக மூன்று பங்கு என்றால் செட்டில்மென்ட்டை விடக் கூடலாம். அதை விடப் பெரியது சர்வே செலவும் காத்திருப்பும். ஒரே சர்வே எண்ணை இரண்டாக உடைத்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதுவரை கூட்டுப் பட்டாதான். ஒருவர் கடன் வாங்கவோ விற்கவோ போனால் மற்றவர் தயவு வேண்டியிருக்கும். முழு உட்பிரிவு எண்ணே ஒருவருக்குப் போகிற மாதிரி பங்கு வகுக்க முடிந்தால் வகுத்துக் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பத்திரங்களுக்குப் பதிவானதும் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடு இருக்கிறது. ஐந்து சென்ட் கூடக் குறைய இருந்தாலும் இந்த வசதிக்காக விட்டுக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

## விடுதலைப் பத்திரம்

அப்பா காலத்துக்குப் பிறகு, "எனக்குப் பங்கு வேண்டாம், அண்ணனே வைத்துக் கொள்ளட்டும்" என்று தங்கை எழுதுவது. பணம் வாங்கிக் கொண்டு எழுதினால் தொகையைப் பத்திரத்திலேயே குறிப்பிட்டு, செக்கிலோ பேங்க் மூலமாகவோ கொடுங்கள். மகளை வற்புறுத்திக் கையெழுத்து வாங்குவதற்கு இந்தப் பத்திரம்தான் அதிகம் பயன்படுகிறது. அப்படி வாங்கியதைப் பிறகு அவள் கோர்ட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்வது சுலபமாக இருக்காது. அப்பா உயிரோடு இருக்கும்போது அவருடைய சுய சம்பாத்தியத்தில் மகளிடம் விடுதலை வாங்குவதில் அர்த்தமே இல்லை. இல்லாத பங்கை எப்படி விடுவது?

## யாருக்கு எது பொருந்தும்

நிலம் அப்பா வாங்கியது, பிள்ளைகள் இருவர், அவர்களுக்குள் பெரிய பிணக்கு இல்லை: தோட்டத்தை ஆயுட்கால உரிமையோடும் பராமரிப்பு நிபந்தனையோடும் செட்டில்மென்ட் செய்யலாம். குடியிருக்கும் வீட்டை மட்டும் உயிலில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வழியில் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மகன் தொழில் செய்கிறான், கடன் இருக்கிறது: செட்டில்மென்ட் வேண்டாம். அவன் பெயருக்கு வந்த நிலத்தை, அவனுக்குக் கடன் கொடுத்தவர் ஜப்தி செய்ய முடியும். உயில் போதும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் முழுதாகக் கொடுக்க முடிவு செய்திருக்கிறீர்கள், மற்றவர்கள் வழக்குப் போடுவார்கள் என்று தெரியும்: உயிலை விட செட்டில்மென்ட் பலமானது. நீங்களே உயிரோடு இருந்து, சார்பதிவாளர் முன் கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, கொடுத்த பத்திரம் அது. "அப்பாவுக்குச் சுயநினைவு இல்லை" என்று சொல்லும் இடம் குறைவு.

சூளகிரி, ஓசூர் பக்கம் சிப்காட்டுக்கோ சாலைக்கோ நிலம் எடுக்கும் பேச்சு இருக்கும் ஊர்: தள்ளிப் போடாதீர்கள். பெயர் யார் யாருடையது என்பதில் தகராறு இருந்தால் இழப்பீட்டுப் பணம் கைக்கு வராமல் முடங்கும். பூர்வீகமாக இருந்தால் பாகப்பிரிவினையை முடித்து அவரவர் பெயரில் பட்டா வாங்கிவிடுவது நல்லது.

மகனுக்கே கிரயம் எழுதுவது பற்றியும் கேட்கிறார்கள். குடும்பத்துக்குள் 9% கட்ட எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே பணம் கை மாறி, மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் வீட்டில் மட்டும் அது சரி. வாங்குவது மகளாக இருந்து மதிப்பு 10 லட்சத்துக்குள் என்றால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும்.

## பத்திரம் எழுதப் போகும் முன்

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்பும் அங்கேயே இருக்கிறது. எழுத்தர் சொல்லும் தொகையை இதை வைத்துச் சரிபாருங்கள். பட்டா, சிட்டா, புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகலை வருவாய்த்துறை தளத்தில் எடுத்து, பத்திரத்தின் நான்கெல்லையோடு ஒப்பிடுங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் நிலங்கள் பென்னாகரம், ஊத்தங்கரை பக்கங்களில் இன்னும் உண்டு. அப்படி இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவைச் சரிசெய்த பிறகே எழுத்தரிடம் போங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனோ நகைக்கடனோ இருந்தால், நிலத்தை அடமானமாகக் காட்டியிருக்கிறார்களா என்று சங்கத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். பதிவு முடிந்து பட்டா மாறியதும் மின் இணைப்புப் பெயரையும் மாற்ற மனுக் கொடுத்துவிட வேண்டும். போர்வெல் யாருடையது என்ற பேச்சு வரும்போது முதலில் கேட்கப்படுவது அந்த மின் இணைப்புக் கார்டுதான்.